செங்காந்தளை இடம் மாற்றுதல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செங்காந்தளைப் பற்றி நம் ஜனங்களிடையே வழங்கும் நம்பிக்கைகளை ஒருசேர வைத்து நோக்கினால், அஞ்ச வேண்டாத இடத்தில் அச்சமும், அஞ்சியே தீர வேண்டிய இடத்தில் அசட்டையும், விட்டுவைக்க வேண்டிய பருவத்தில் பிடுங்குதலும், உறங்கவிட வேண்டிய பருவத்தில் நீர் வார்த்தலுமாக, அவை பெரும்பாலும் தலைகீழாக அமைந்திருப்பது புலப்படும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 மலர்களுள் முதலில் நிற்பதும், இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும், ஈழத்தமிழர் கார்த்திகைப்பூ என்று போற்றுவதுமான இந்தக் கொடி, வேலியிலும் குன்றுச் சரிவிலும் எவருடைய பராமரிப்பும் இன்றி ஆண்டுதோறும் பூத்திருக்க, அதே கொடி நம் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த மறு வருஷமே மறைந்துபோவதற்கு இந்தத் தலைகீழ் நம்பிக்கைகளே காரணம் என்பது என் துணிபு.

முதலில் கண்வலியை எடுத்துக்கொள்வோம். இம்மலரை உற்றுப் பார்த்தால் கண்நோய் வருமென்று குழந்தைகளை அதட்டி விலக்குவதும், கொடியையே அறுத்தெறிவதும் பல கிராமங்களில் உள்ள வழக்கம். கண்நோயைப் பரப்புவன நுண்ணுயிர்கள். அவை கையாலும் துணியாலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுமேயன்றி, ஒரு பூவைப் பார்த்த பார்வையின் வழியாக வருவதில்லை. கிழங்கைக் கீறிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் அதன் சாறு எரிச்சலை உண்டாக்கும் என்பது மட்டும் மெய். ஆகவே பார்வைக்குத் தடை வேண்டாம். கைக்கு உறை வேண்டும், வேலை முடிந்தபின் சோப்பும் தண்ணீரும் வேண்டும். கிழங்கு இருக்குமிடத்தில் பாம்பு அண்டாது என்று கூறுவோரும் உண்டு. அதற்கு யாதொரு ஆதாரமும் கிடையாது.

இனி, நடுகின்ற விஷயம். பூவின் அழகில் மனத்தைப் பறிகொடுத்த ஒருவர், அது பூத்திருக்கும்போதே வேலியோரத்தில் தோண்டி, வேரும் மண்ணுமாகப் பெயர்த்து வந்து தம் தோட்டத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறார். இதைக் காட்டிலும் கொடிக்குக் கேடான காலம் வேறில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொடி பூத்து நிற்கையில், மண்ணுக்குள் இருக்கும் பழைய கிழங்கு தன் சாரம் முழுவதையும் தண்டுக்கும் இலைக்கும் மலருக்கும் வழங்கிச் சுருங்கிக்கொண்டிருக்க, தண்டின் அடியில் அடுத்த ஆண்டுக்குரிய புதுக் கிழங்கு அப்பொழுதுதான் உருத்திரண்டுகொண்டிருக்கும். அந்தத் தருணத்தில் தோண்டுகிறவருக்கு அகப்படுவன வற்றிய பழையதும் முற்றாத புதியதுமேயன்றி, தனித்து வாழும் வலிமை பெற்ற கிழங்கு அன்று. இலைகள் வெயிலில் சமைத்து அனுப்பும் உணவுதான் புதுக் கிழங்கைப் பருக்கச் செய்கிறது. பூ உதிர்ந்து, காய் முற்றி வெடித்து, கொடி மஞ்சளித்துத் தரையில் சாய்ந்த பிறகே அந்த வேலை நிறைவெய்தும். தை, மாசி தொடங்கி ஆனியின் முதல் மழை வரையில் கிழங்கு உறங்குகிற காலம். இடம் மாற்ற உகந்த காலமும் அதுவே. வணிகத்துக்காகப் பயிரிடும் ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரணியம் பகுதி விவசாயிகள் ஆனி, ஆடி மாதங்களில் கிழங்கு ஊன்றுவதும் இந்த ஸ்வபாவத்தை அனுசரித்துத்தான்.

உருளைக்கிழங்கைப் போல நறுக்கி நட்டால் ஒன்று பத்தாகும் என்னும் எண்ணம் இன்னும் அதிகக் கிழங்குகளைப் பாழாக்கியிருக்கிறது. உருளைக்கிழங்கின் மேனியெங்கும் முளைக்கண்கள் இருக்கின்றன. காந்தளின் கிழங்கிலோ, கலப்பை வடிவில் கவைத்துப் பிரியும் இரண்டு கைகளுக்கும் நுனியில் மட்டும் ஒவ்வொரு முளை உண்டு. அந்த நுனி ஒடிந்தாலோ, ஊர்திப் பயணத்தில் உரசி நசுங்கினாலோ, மிகுந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தபோதிலும் அதிலிருந்து கொடி எழாது. நடுவே வெட்டிய துண்டுகள் ஈரத்தில் அழுகிப்போகும். இரண்டு முளைகளும் பழுதின்றி இருக்குமானால், கைகள் கூடும் கணுவில் மட்டும் பக்குவமாகப் பிரித்து, வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலில் போட்டுவைத்து, இரண்டு இடத்தில் நடலாம். அதற்கு மேல் ஒரு துண்டும் ஆசைப்படுவதற்கில்லை. கிழங்கைத் தோண்டும்போதும் கடப்பாரையைக் கிட்டத்தில் இறக்காமல், தண்டு நின்ற இடத்துக்கு ஒரு முழம் விலகியே மண்ணைத் தளர்த்தி, கடைசியில் கையால் துழாவி எடுப்பதே முறை. எளிதில் ஒடியும் அந்த நுனிதான் வருகிற ஆண்டுக் கொடி முழுவதும் என்ற நினைவு தோண்டுகிறவருக்கு இருக்க வேண்டும்.

கொடி காய்ந்தவுடன் செத்துவிட்டது என்று முடிவு கட்டி அவ்விடத்தைக் கொத்திக் கீரை விதைப்பவரும், இன்னும் சிறிது தண்ணீர் வார்த்தால் தளிர்க்கும் என்று கோடை முழுதும் குடம் குடமாக ஊற்றுபவரும், செய்கையில் வேறுபட்டாலும் பிழையில் ஒன்றே. காய்தல் இதற்கு நோயன்று. ஆண்டுச் சுழற்சியில் ஒரு கட்டம். உறங்கும் கிழங்கைச் சூழ்ந்த மண் உலர்ந்திருப்பதே அதற்கு ஆரோக்கியம். அவ்விடத்தில் ஒரு குச்சியை அடையாளமாக நட்டுவிட்டு, மழைக்காலம் வரை வேறு வேலையைப் பார்க்கலாம்.

காட்டில் கல்லிடுக்கில் விளைவதுதானே, எந்த மண்ணானால் என்ன என்பதும் சரியன்று. அந்தக் கல்லிடுக்கு நீரைத் தங்கவிடாத இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். களிமண் தோட்டமானால் மணலும் மட்கிய குப்பையும் கலந்து வரப்பாக உயர்த்தி, நான்கு விரற்கடை ஆழத்தில் கிழங்கைக் கிடைமட்டமாக, முளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து மூட வேண்டும். செம்மண்ணும் வெயிலும் அதற்குப் பிரியமானவை. முளைத்தபின் பூக்கும் வரையில் மிதமான ஈரம் போதும். பற்றுக்கோடு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இக்கொடி தண்டால் சுற்றி ஏறுவதில்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு ஒரு பற்றுக்கம்பியாக மாறி அண்டையிலுள்ளதைப் பிடித்துக்கொள்கிறது. ஆதலால் பருத்த தூணையும் மூங்கிலையும் அதனால் பற்ற இயலாது. மெல்லிய சுள்ளிகள் நிறைந்த வேலியே அதற்கு ஏற்றது. பயிரிடுவோர் முள்கிளுவையையும் விராலிக் குச்சிகளையும் தேர்ந்தெடுப்பதன் நுட்பம் இதில் இருக்கிறது. பற்றுக்கோடின்றித் தரையில் விழுந்த கொடி ஒடிந்து, பூவாமலே போய்விடுவதும் உண்டு.

காட்டுக் கிழங்குக்கே வீரியம் அதிகம், ஆகவே காட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்கிறவர்களிடம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. மருந்துக்கென்றும் விதைக்கென்றும் இயற்கையான இடங்களில் இக்கிழங்கைத் தொடர்ந்து தோண்டியதனால், முன்பு மலிந்திருந்த பல இடங்களில் அது அருகிவிட்டது. காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது சட்டவிரோதமும் ஆகும். பயிரிடுவோரிடம் விலை கொடுத்து வாங்கிய, சுமார் 50 முதல் 100 கிராம் எடையுள்ள கிழங்கு, காட்டுக் கிழங்குக்குக் குறையாமல் பூக்கும். பொறுமையுள்ளவர் விதையிலிருந்தும் வளர்க்கலாம். சிவந்த அவ்விதைகள் பல மாத உறக்கத்துக்குப் பின்னரே முளைத்து, மலர் காட்ட மூன்று நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். தோட்டத்துக் கொடி காய்க்கவில்லையே என்று வருந்துவோர், சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு ஒரு பக்கமாக மடங்கி விலகி நிற்பதைக் கண்டால் காரணத்தை அறிவர். வண்ணத்துப்பூச்சி வராத இடத்தில் காலை வேளையில் மகரந்தத்தைக் கையால் தொட்டு அதன் நுனியில் தடவுவதே விவசாயிகள் கையாளும் உபாயம்.

எஞ்சியிருப்பது நஞ்சு. அசட்டை மிகுந்திருக்கும் இடம் இதுவே. பூவைக் கண்டு அஞ்சுகிற அதே வீட்டில், கிழங்கை மோரில் ஊறவைத்தால் விஷம் முறிந்துவிடும், வேகவைத்தால் போய்விடும், அரைத்து அடிவயிற்றில் பூசினால் பிரசவம் சுலபமாகும் என்றெல்லாம் தைரியமாகச் சொல்லக் கேட்கிறோம். இதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சு அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. கீல்வாதத்தின் ஒரு வகைக்கு மருத்துவர் இதே பொருளை அரை மில்லிகிராம் மாத்திரையாகத் தருகிறார் என்பதைக்கொண்டு, கிழங்கும் மருந்துதானே என்று வாதிப்பது பேரபாயம். ஒரு கிழங்கில் அந்த அளவைப்போல் பல மடங்கு நஞ்சு இருப்பதோடு, கிழங்குக்குக் கிழங்கு அதன் அளவும் மாறுபடுகிறது. இலங்கையில் வற்றாளங்கிழங்கு என்று மயங்கி இதை அவித்து உண்டு மாண்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் கண்டு, பிறகு சற்றே தெளிந்தாற்போலத் தோன்றி, அடுத்த நாட்களில் எலும்பு மச்சை தளர்ந்து இரத்த அணுக்கள் குறைவதும், பிழைத்தவருக்கு ஓரிரு வாரத்தில் தலைமயிர் கொட்டுவதும் இந்நஞ்சின் இயல்பு.

ஆகையால், இடம் மாற்றுவதற்காகத் தோண்டிய கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாமல், மணல் நிரப்பிய தனிப் பாத்திரத்தில் இட்டு, அதன்மேல் நஞ்சு என்று எழுதி, குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். யாரேனும் தின்றிருக்கலாமோ என்ற சந்தேகம் எழுந்தாலே, வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று காத்திராமல், கிழங்கின் துண்டையோ கொடியின் இலையையோ உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்; இந்த நஞ்சுக்கென்று கைவசமுள்ள முறிமருந்து இல்லாமையால், முதற்சில மணி நேரத்துக்குள் தொடங்கும் சிகிச்சையை நம்பியே உயிர் இருக்கிறது.