மாமனார் கூட்டிக்கொண்டு வந்த குடும்பம்
(வேதபாடம்: யாத்திராகமம் 18)



யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம் என்றவுடனே நமக்கு ஞாபகம் வருவது என்ன? ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு ஒரு தலைவர், பிறகு ஐம்பது, பத்து. சபைப் பொறுப்புகளைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று பிரசங்கித்து முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த அதிகாரம் அங்கே ஆரம்பிக்கவில்லையே! முதல் ஆறு வசனங்களைப் பாருங்கள். எத்திரோ தன் மகள் சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்கிற இரண்டு பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார். மோசே அவர்களை முன்பே திருப்பி அனுப்பியிருந்தார் (வச. 2). ஏன் அனுப்பினார் என்று வேதம் சொல்லவில்லை. பார்வோனோடு போராட வேண்டிய நாட்களில் ஆபத்து வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அதைக் குறை சொல்ல நமக்கு இடமில்லை.

ஆனால் சிவந்த சமுத்திரத்தைக் கடந்தாயிற்று. மன்னா இறங்கியாயிற்று. கன்மலை தண்ணீர் கொடுத்தாயிற்று. 17-ஆம் அதிகாரத்தில் அமலேக்கும் முறியடிக்கப்பட்டான். இத்தனைக்குப் பிறகும், மோசே ஆள் அனுப்பிக் குடும்பத்தை அழைத்ததாக ஒரு வசனமும் இல்லை. மாமனாரே கூட்டிக்கொண்டு வருகிறார்.

மோசே எதிர்கொண்டு போய் மாமனாரை வணங்கி, முத்தஞ்செய்து, கர்த்தர் செய்ததையெல்லாம் சாட்சி சொல்கிறார். பலியும் விருந்தும் நடக்கிறது. மறுநாள்? காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார். பெண்சாதியும் பிள்ளைகளும் வந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை! இதைப் பார்த்த எத்திரோ, நீ செய்கிறது சரியில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். ஊழியத்தை விடச் சொல்லவில்லை. நீயும் சோர்ந்துபோவாய், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள், ஆட்களைத் தெரிந்துகொண்டு பாரத்தைப் பங்கு போடு என்கிறார். தேவனோடு பேசின மோசே, மீதியானிலிருந்து வந்த மாமனார் சொல்லைக் கேட்டு அப்படியே செய்தார். நம்மில் எத்தனை பேர் மாமனார் பேச்சைக் கேட்போம்? (சிரிக்காதீர்கள், சகோதரரே!)

நம் தேசத்துக்கு வந்த ஒரு பெரிய ஊழியக்காரரை எடுத்துக்கொள்வோம். வில்லியம் கேரி 1793-ல் குடும்பத்தோடு வங்காளத்துக்கு வந்தார். அவர் மனைவி தோரத்திக்கு முதலில் வர மனமில்லை. தங்கையும் கூட வருவதானால் வருகிறேன் என்று கடைசி நேரத்தில்தான் சம்மதித்தார். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியால் மரித்துப்போனான். அதற்குப் பிறகு தோரத்தியின் புத்தி பேதலித்தது. 1807-ல் செராம்பூரில் மரிக்கும்வரை அவர் சுகமடையவே இல்லை. அந்த வருஷங்களில்தான் வங்காள மொழி புதிய ஏற்பாடு ஆயத்தமாகி, 1801-ல் அச்சேறியது. கேரியின் பையன்களோ கவனிப்பாரில்லாமல் முரட்டுத்தனமாக வளர்ந்தார்கள். செராம்பூருக்கு வந்த ஹன்னா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும்தான் அவர்களைச் சேர்த்துக்கொண்டு வழிநடத்தினார்கள். மூத்த மகன் பெலிக்ஸ் பிற்பாடு பர்மாவுக்கு மிஷனெரியாகவே போனார்.

கேரியின் உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் நம் கன்வென்ஷன் மேடைகளில் தோரத்தியின் பெயரை யார் சொல்கிறார்கள்? அந்தப் பையன்களுக்குச் சோறு போட்டு, கண்டித்து வளர்த்த ஹன்னா செய்தது ஊழியம் இல்லையா?

"நான் கர்த்தருடைய வேலையைப் பாக்கிறேன், என் வீட்டைக் கர்த்தர் பாத்துப்பார்" என்று நம் நடுவில் சாட்சி சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தள்ளினவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-ல் வாசியுங்கள். காணிக்கை என்கிற பரிசுத்தமான பெயரை வைத்தே கற்பனையை மீறினார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஊழியம், ஞாயிறு மாலை கைப்பிரதி என்று ஓடிவிட்டு, வயசான அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக நேரமில்லை என்றால் அதுவும் கொர்பான்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. லூக்கா 14-ல் ஒருவன் கலியாணத்தைக் காரணம் காட்டி விருந்துக்கு வர மறுத்தான். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுக்கு விருந்தாளி என்று வருஷம் முழுக்க ஒரு வியாதியஸ்தரைக்கூடப் போய்ப் பார்க்காதவர்கள் இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட வேண்டாம். ஸ்தேவானின் வீட்டார் குடும்பமாகவே பரிசுத்தவான்களுக்கு ஊழியம் செய்ய ஒப்புக்கொடுத்தார்கள் (1 கொரி. 16:15). ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிற அன்றைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்குவாளியை அவன் கையில் கொடுங்கள்.

பாஸ்டர்மாருக்கும் மூப்பருக்கும் ஒரு வார்த்தை. மறுக்காமல் செய்கிறவர் என்பதற்காக ஒரே சகோதரர் தலையில் ஐந்து பொறுப்பைக் கட்டாதீர்கள். அவர் மனைவி சபையில் சிரித்த முகமாக இருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எத்திரோவைப் போல ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இந்த அதிகாரத்தை வாசியுங்கள். வாசித்தபின், "நான் வீட்டில இல்லாததால உங்களுக்கு எந்த நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். சகோதரிகளே, ஊழியத்துக்குப் போகிற நீங்களும் வீட்டாரிடம் இதையே கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உடனே வசனம் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டாம்.