பழைய பாக்ஸ்டர் வாங்கப் போகிறீர்களா?

போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறை (986 மாடல், 1996–2004) இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓரளவு மலிவாகக் கிடைக்கிறது. கார்தான் மலிவு, உதிரி பாகங்கள் இன்றும் போர்ஷே விலைதான்.

முதலில் விசாரிக்க வேண்டியது ஐ.எம்.எஸ். பேரிங். எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் இது உடைந்தால் எஞ்சினே போய்விடும். 2000-க்குப் பிறகு வந்த ஒற்றை வரிசை பேரிங்கில்தான் தொல்லை அதிகம். இதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதனால் கிளட்ச் மாற்றும்போதே இதையும், பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறையோடு போகும். அமெரிக்காவில் இதற்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். எஞ்சினையே மாற்ற நேர்ந்தால் செலவு காரின் விலையைத் தாண்டலாம். சந்தேகமிருந்தால் பழைய ஆயில் ஃபில்டரை விரித்து, மடிப்புகளில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் லேசாகப் புகை வந்து அடங்கினால் பயமில்லை, இந்த வகை எஞ்சினின் சுபாவம் அது. வெள்ளைப் புகை நிற்காமல் கொட்டினால் ஆயில் செப்பரேட்டர் போயிருக்கலாம். கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக் என்பதால் வெடிப்பு விடும்.

மடக்குக் கூரையின் வடிகால் துளைகளில் இலைச்சருகு அடைத்தால், இருக்கைக்கு அடியிலுள்ள எலக்ட்ரானிக் பெட்டி நனைந்து வண்டி கிளம்பாது. துளையைச் சுத்தம் செய்யக் காசு வேண்டாம். பெட்டி மாற்றுவதோ பெரிய செலவு.

சர்வீஸ் பில்களைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.