நடவுக் கைகளைத் தேடிப் போ

மன்னார்குடி,
ஆவணி மாதம்.

அன்புள்ள பேத்திக்கு,

வேளாண் அறிவியல் நிலையத்தில் பொறுப்பேற்று நீ நடத்திய முதல் பயிற்சி வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். 40 பேர் வந்து கையெழுத்திட்டார்கள் என்றும், திரையில் நீ காட்டிய படங்களைப் பார்த்தார்கள் என்றும், சாப்பாடு முடிந்ததும் பாதிப்பேர் பஸ் நேரத்தைச் சொல்லி எழுந்து போய்விட்டார்கள் என்றும் விவரித்துவிட்டு, "குடியானவர்களுக்குக் கற்றுக்கொள்வதில் சிரத்தை இல்லை, தாத்தா" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரி என்னை இரண்டு நாளாக உறங்கவிடவில்லை. என் 34 வருஷ உத்தியோகத்தில் நானும் அதே வார்த்தையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், அம்மா. சொன்ன போதெல்லாம் பிழை என்னிடத்தில்தான் இருந்தது என்பதை மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன்.

ஒற்றை நாற்று நடவு நம் பக்கத்திற்கு வந்த காலத்தில் நீ சிறு குழந்தை. மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள உழவர்களோடு பல வருஷம் பழகி, 1983-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய முறை அது. 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் சதுரத்தில், வேரைப் பற்றிய மண் உதிராமல் மேலாக ஊன்றி, வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டு, கோனோவீடர் என்ற களைக்கருவியை உருட்டிக் களையைச் சேற்றிலேயே அமுக்கிவிட வேண்டும். விதையோ ஏக்கருக்கு 2, 3 கிலோ போதும். இதில் மனத்தைப் பறிகொடுத்த நான், ஒரு கிராமத்தில் நிலக்காரர்கள் 30 பேரைக் கூட்டி இரண்டு நாள் பயிற்சி அளித்தேன். அவர்களும் குறிப்பெடுத்துக்கொண்டு, நல்ல கேள்விகள் கேட்டு, திருப்தியோடு போனார்கள். நடவு நாளன்று போய்ப் பார்த்தால், காலையில் கயிறு பிடித்து ஆரம்பித்த வேலை, உச்சிப்பொழுதுக்குள் மூன்று நான்கு நாற்றைச் சேர்த்து அமுக்கும் பழைய நடவாகவே மாறிவிட்டிருந்தது.

கோபத்தோடு வரப்பில் நின்ற என்னிடம், நடவாட்களுக்குத் தலைவியாக இருந்த ஒரு மூதாட்டி நிமிர்ந்து இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிய கூலியை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம், ஒவ்வொரு நாற்றாக அளந்து நட்டால் ஒரு நாள் வேலை இரண்டு நாளாகிறது, அந்த இரண்டாம் நாளின் கூலி யார் வீட்டிலிருந்து வரும் என்பது ஒன்று. மூலையில் முழங்கால் தண்ணீர் நிற்கிற இந்தப் பள்ள வயலில், ஐப்பசி மழை வந்தால் விரல் நீள நாற்று எங்கே போய்த் தலையைத் தூக்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்வி பொருளாதாரம். இரண்டாவது, வடிகாலும் சமன் செய்த நிலமும் இல்லாமல் இம்முறை சம்பாவுக்கு ஆகாது என்ற விவசாய சாஸ்திரம். இரண்டையும் என் இரண்டு நாள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. ஏனெனில் அவற்றைக் கேட்கத் தெரிந்தவர்களை நான் அழைக்கவே இல்லை. நிலத்தின் சொந்தக்காரருக்குச் சொல்லிவிட்டு, நாற்றைப் பிடிக்கிற விரல்களுக்குச் சொல்லாமல் விட்ட அந்தத் தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

ஆகவே, எந்த வகுப்பை நடத்துவதற்கும் முன்னால், அந்த வேலையை உண்மையில் எவர் செய்கிறார்கள் என்று ஊருக்குள் போய் விசாரி. நடவும் களையும் பெண்கள் கையில்; தண்ணீர் நீர்ப்பாய்ச்சியின் கையில்; மருந்தடிப்பது பல ஊர்களில் கூலிக்குத் தெளிப்பான் சுமக்கும் இளைஞன் கையில். பத்து மணிக்கு வகுப்பு என்றால் அந்தப் பெண்களால் வர முடியாது; வந்தால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியை ஈடுசெய்ய வழி கேட்டு மேலதிகாரிகளிடம் மன்றாடு. இயலாதென்றால், வேலை முடிந்து அவர்கள் கரையேறும் பிற்பகலில், மரத்தடியிலேயே வகுப்பை வைத்துக்கொள். நீ ஒரு பெண்ணாக இருப்பதால், எங்களிடம் அவர்கள் பேசாததையெல்லாம் உன்னிடம் பேசுவார்கள். அது எனக்கு வாய்க்காத பாக்கியம்.

அடுத்தது, சொல்வதைக் கண்ணால் காணச் செய்வது. புகையான் பூச்சி விழுந்து வட்ட வட்டமாகக் கருகிய வயலில் மூன்று முறை மருந்தடித்து நான்காம் முறைக்குக் கடன் வாங்கப் போன ஒருவரிடம், மருந்து சிலந்தியைக் கொல்கிறது, புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்து பின்னால் பொரிக்கிறது என்று நான் எவ்வளவோ உபதேசித்தும் பிரயோஜனமில்லை. ஒரு மாலை, மருந்து படாத வயலிலிருந்து ஒரு குத்தைப் பறித்து, மண்சட்டியில் வைத்து, புகையான்களையும் இரண்டு சிலந்திகளையும் விட்டு, கொசுவலைத் துணியால் மூடி அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தேன். விடிந்ததும், புகையான்களைச் சிலந்திகள் தின்றிருந்ததைக் கண்டு, அவரே என்னைத் தேடி வந்தார். தூருக்கு ஒரு புகையான் கண்டால் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்ற கணக்கை அதன்பின் அவருக்கு நான் ஒருமுறைதான் சொல்ல நேர்ந்தது. எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுவதையும் யூரியாவைக் குறைப்பதையும் அடுத்த பட்டத்தில் அவரே பக்கத்து வயல்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தோனேஷியாவில் இதே புகையானால் பெரும் நஷ்டம் கண்டு, 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள். 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளி என்று நடத்தினார்கள். சுமார் 25 பேர், வாரம் ஒருநாள், நாற்று முதல் அறுவடை வரை, கண்டதைத் தாங்களே தாளில் வரைந்து, தாங்களே விவாதித்து முடிவு செய்வார்கள். ஒரே நாளில் 40 பேரைக் கூட்டுவதைவிட அதே 20 பேரை ஒரு பட்டம் முழுவதும் சந்திப்பதே மேல் என்பது என் திடமான அபிப்பிராயம். வருகைப் பதிவேட்டின் தொகை குறைந்துவிடும் என்று யாராவது ஆட்சேபித்தால், நான் உத்தியோகத்தில் சேர்ந்த அதே 1974-ல் நம் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் தொடங்கப்பட்டபோதே, செய்து கற்பதுதான் அதன் ஆதாரக் கொள்கையாக வைக்கப்பட்டது என்பதைப் பணிவோடு எடுத்துச் சொல்.

முதல் சந்திப்புக்குச் சிறிய காரியமாக எடுத்துக்கொள். ஒரு வாளித் தண்ணீரில், கோழிமுட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, அவர்கள் கொண்டுவந்த விதைநெல்லையே கொட்டச் சொல். மிதக்கும் பதரை அவர்களே அள்ளட்டும். அமிழ்ந்ததை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசட்டும். நீ வாய் திறக்க வேண்டியதே இராது.

நான் சொன்ன அந்த மூதாட்டி இன்னும் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, ஆனாலும் வரப்பில் உட்கார்ந்து நடவை நடத்துகிறார். புரட்டாசியில் நம் வயலில் சம்பா நடவு. இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வா. நோட்டுப் புத்தகம் வேண்டாம்; பழைய புடவை ஒன்று மட்டும் கொண்டு வா. அவர் உன்னை வரிசையில் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அங்கே நில். உன் பாட்டி மதியத்திற்குச் சோறு கொண்டு வருவாள்.

அன்புள்ள,
தாத்தா