ஜோகூர் வெயிலும் சமையலறைச் சூடும்: சில பயனுள்ள குறிப்புகள்

ஜோகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிதான் வடக்கே. மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பாதியில் மதியம் 1 மணி வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. திடப்பொருளில் சூடு தொட்டுத் தொட்டுப் பரவும். நீரிலும் காற்றிலும் சூடானது மேலே ஏறும், குளிர்ந்தது இறங்கும். வெயிலின் சூடோ எதையும் தொடாமலே பாயும். நம் வீட்டுக்கு எது எந்த வழியில் வருகிறது என்று பார்த்துச் செலவு செய்தால் போதும்.

1. முதல் செலவு கூரைக்கு. ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் அடிப்பவர்கள் பளபளப்பான பக்கத்தை மேலே வைக்கவே விரும்புவார்கள். கீழ்நோக்கி வைக்கச் சொல்லுங்கள். மேலே வைத்தால் தூசி படிந்து பளபளப்பு போய்விடும். கீழே பார்த்த பளபளப்பு, சூடேறினாலும் அனலை அவ்வளவாகக் கக்காது. தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்றிடைவெளி கட்டாயம். ஒட்டிக் கிடந்தால் சூடு தொட்டே இறங்கிவிடும், காசு வீண். தோட்டத்து லயங்களில் இருந்ததுபோல் தகரக் கூரை என்றால், மேலே வெள்ளைச் சாயம் பூசுவதே மலிவான வழி.

2. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது மேல். கண்ணாடியைக் கடந்து வெயில் உள்ளே வந்தபின் திரை தடுத்து என்ன பயன்?

3. ஆளில்லாத அறையில் காற்றாடி ஓட வேண்டாம். அது அறையைக் குளிர்விப்பதில்லை. வேர்வையை உலர்த்தி உடம்பைத்தான் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். மண்பானைத் தண்ணீர் மதுரையில் குளிரும் அளவுக்கு இங்கே குளிராததும் அதனால்தான்.

4. தண்ணீர் கொதித்ததும் அடுப்பைத் தணியுங்கள். தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் திறந்த பானையில் அது 100 டிகிரிதான். பருப்பு வேகமாக வேகாது, கேஸ் தோம்புதான் சீக்கிரம் காலியாகும்.

5. சூடான சட்டியை ஈரத்துணியால் பிடிக்காதீர்கள். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். உலர்ந்த துணியின் இழைகளுக்குள் அடைபட்ட காற்றுதான் கையைக் காக்கிறது. இட்லிப் பானை மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். ஆவி தோலில் பட்டு நீராகும்போது விடும் சூடு, ஐஸ்போல் குளிர்ந்த அதே அளவு நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூட்டைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். கொதிநீரைவிட ஆவி மோசமாகச் சுடுவது இதனால்தான்.

6. மிஞ்சிய சாம்பாரைச் சூட்டோடு ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே மணிக்கணக்கில் விட்டாலும் கெடும். பாத்திரத்தை சிங்க்கில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கிக் கிளறுங்கள். குழந்தையின் பாலுக்கும் இதுவே, காற்றாடிக்கு அடியில் வைப்பதைவிட வேகம்.

7. உறைந்த கோழியைப் பையோடு இறுக்கிக் கட்டிக் குளிர்ந்த நீரில் போடுங்கள். மேசையில் கிடப்பதைவிட வெகு சீக்கிரம் இளகும். அரைமணிக்கொரு முறை நீரை மாற்றவும்.

8. மெர்சிங்கிலோ பொந்தியானிலோ மீன் வாங்கி வரும்போது பெட்டியின் அடியில் மட்டும் ஐஸ் போட்டால் மேல்மீன் சூடாகவே கிடக்கும். குளிர் கீழேதான் இறங்கும், ஆகவே மேலேயும் போட வேண்டும். கட்டியாக அல்லாமல் உடைத்துப் போட்டால் மீனை நன்றாகத் தொடும். ஐஸ் உருகும்போதுதான் சூட்டை நிறைய இழுக்கும். ஒரு கிலோ ஐஸ் உருக வாங்கும் சூடு, ஒரு கிலோ நீரை 80 டிகிரி ஏற்றப் போதும்.

9. பிளாஸ்க்கை முதலில் கொதிநீரால் அலசிவிட்டுத் தேநீர் ஊற்றுங்கள். ஜேம்ஸ் டூவர் 1892-இல் கண்டுபிடித்த இந்தக் குடுவையின் சுவர்களுக்கு நடுவே காற்றே இல்லை. சூடு தப்புவது பெரும்பாலும் மூடி வழியாகத்தான். மூடி ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.