இரத்தக் கட்டியின் சிதைவை அறிவிக்கும் எதிர்ப்பொருள்கள்

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவது உயிரைக் காக்கும் செயலாகும். அதே உறைவு காலின் ஆழ்ந்த சிரையில் நிகழ்ந்து, கட்டியின் ஒரு துண்டு பிரிந்து சென்று நுரையீரல் தமனியை அடைத்துவிடுமாயின் மரணமும் நேரிடலாம். மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வேறு பல நோய்களிலும் தோன்றுவதால், உள்ளே கட்டி உண்டா என்பதைக் குறிகளை மட்டும் கொண்டு நிச்சயிப்பது எளிதன்று.

இரத்தத்தில் கரைந்துள்ள பைப்ரினோஜென் என்னும் புரோட்டீன், திராம்பினின் செயலால் பைப்ரின் இழைகளாக மாறுகிறது. பின்னர், பதின்மூன்றாம் காரணி எனப்படும் பொருள் அடுத்தடுத்த மூலக்கூறுகளின் 'டி' பகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிளாஸ்மின் என்னும் நொதி கட்டியைக் கரைக்கும்பொழுது இழைகள் அறுபடுகின்றன, இப்பிணைப்போ அறுபடுவதில்லை. வலையைக் கத்தரித்தபின் முடிச்சுகள் எஞ்சுவதுபோல, இரட்டை 'டி' கொண்ட துணுக்குகள் இரத்தத்தில் எஞ்சுகின்றன. இவையே டி-டைமர். முடிச்சைக் கண்டால் வலை இருந்ததென அறியலாம். வெறும் நூலைக் கண்டு அவ்வாறு கூற இயலாது.

முற்காலத்தில், பைப்ரினோஜெனைப் பிராணிகளுக்குச் செலுத்திப் பெற்ற எதிர்ச்சீரமே கையாளப்பட்டது. அது நூலையும் முடிச்சையும் வேறுபடுத்தி அறியவில்லை. ஆகவே, பைப்ரினோஜென் நிறைந்த பிளாஸ்மாவை விடுத்து, இரத்தத்தை முற்றிலும் உறையச் செய்து பெற்ற சீரத்தையே சோதிக்க வேண்டியிருந்தது. உறைவு முற்றுப்பெறாவிடில் முடிவு பிழைபடும். ஹெப்பாரின் பெறும் நோயாளிகளிடம் இத்தொல்லை அதிகம்.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு பெறும் வழியைக் கண்டனர். 1983-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், டி-டைமரைப் பற்றிக்கொண்டு பைப்ரினோஜெனை விட்டுவிடும் எதிர்ப்பொருளால் அமைந்த சோதனையை வெளியிட்டனர். அதன் பயனாக, சிட்ரேட் கலந்த இரத்தத்தினின்று பிரித்த பிளாஸ்மாவே சோதனைக்குப் போதுமானதாயிற்று. எதிர்ப்பொருள் பூசிய நுண்ணிய லேடெக்ஸ் மணிகள் டி-டைமரோடு சேர்ந்து திரள்வதைக் கருவி ஒளியைக்கொண்டு அளக்கிறது.

எனினும், அளவு மிகுந்திருப்பது கட்டிக்கு நிரூபணமாகாது. கர்ப்பம், அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், தொற்று, முதுமை ஆகிய யாவும் அதை உயர்த்தும். சோதனையின் உண்மையான பலம் மறுப்பதிலேயே உள்ளது. ஐயம் குறைவாயுள்ள நோயாளியிடம் அளவும் குறைந்திருப்பின், பெரும்பாலும் கட்டி இல்லையென விடலாம். ஐயம் வலுவாயின் இச்சோதனைக்குக் காத்திராமல் படமெடுத்துப் பார்ப்பதே முறை. வழக்கமான எல்லை, பைப்ரினோஜெனுக்கு ஈடான அலகில், மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். 50 வயதைக் கடந்தோருக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லையாகக் கொள்வதும் உண்டு. சில ஆய்வுக்கூடங்கள் டி-டைமர் அலகிலேயே முடிவைத் தருகின்றன. அந்த எண் ஏறக்குறைய பாதியாகவே இருக்கும். அலகைப் பாராது எண்ணை மட்டும் பார்ப்பவர், கட்டியுள்ள நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.