சின்னச் செட்டைக்கும் கனம் வேண்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

"சின்ன மாதிரிக் கிளைடர் என்றால் லேசாகச் செய்வதுதானே மாமா நல்லது?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். அதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கிவிட்டாள். ஆனால் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன் நான். இதே எண்ணத்தை எத்தனையோ பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன். பெரியதைச் சுருக்கினால் சின்னது வரும், சின்னது லேசாக இருந்தால் நன்றாகப் பறக்கும். இரண்டும் பிழை.

முதலில் உன் சலிப்புக்கு ஒரு பதில். ஹோர்சன்ஸில் மலை இல்லை என்று குறைப்படாதே. உங்கள் டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை மேடான மோல்லஹோய் உன் ஊருக்கு வடக்கேதான் இருக்கிறது, அதுவே 170.86 மீற்றர்தான். சரிவில் பறக்க மலை தேவையில்லை. மூன்று மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறும் மேட்டில் நொடிக்கு 10 மீற்றர் வேகக் காற்று மோதினால், சரிவை ஒட்டி நொடிக்கு ஏறக்குறைய 3 மீற்றர் வேகத்தில் காற்று மேலெழும். உன் கிளைடர் நொடிக்கு ஒரு மீற்றர் தாழ்ந்தாலும் மிச்சம் இருக்கிறது. ஆனால் சின்ன மேட்டில் அந்த எழுச்சி ஒடுங்கிய பட்டையாகத்தான் நிற்கும். மூன்று மீற்றர் கிளைடர் அதற்குள் திரும்ப முடியாமல் வெளியே போய்விடும். ஆகவே செட்டையின் நீளம் 90 சென்ரிமீற்றர் என்று நீ முடிவு செய்தது சரி.

பிழை 110 கிராம் என்ற கனத்தில் இருக்கிறது. அதைப் பெருமையாக எழுதியிருந்தாய். உன் படத்தின்படி செட்டையின் பரப்பு 9 சதுர டெசிமீற்றர். அதாவது சதுர டெசிமீற்றருக்கு 12 கிராம். அது மாலைத் தென்றலுக்குச் சரி. ஃபியோர்ட் கரையில் மேற்குக் காற்று அடிக்கும் நாளில் முன்னேற மாட்டாமல் பின்னுக்குத் தள்ளுண்டு, மேட்டின் பின்புறச் சுழலில் விழும். 180 கிராமாக்கு. வேகம் கால் பங்குக்கு மேல் கூடும். சறுக்கும் கோணம் கெடாது. ஹன்ஸ்தோல்மில் 2016இல் சரிவுக் கிளைடர்களின் உலகப் போட்டி நடந்ததே, அந்த வகைக் கிளைடர்காரர்கள் காற்று பலத்தால் செட்டைக்குள் உலோகத் துண்டுகளை ஏற்றுவார்கள். கனத்தை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், பொறுமையாகப் படி. உயிரியலாளர் ஹால்டேன் 1926இல் உயிரினங்களின் சரியான அளவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவுக்கு வந்து புவனேஸ்வரில் 1964இல் இறந்த அதே ஹால்டேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் அதை வாசித்த பிறகு எறும்பையும் யானையையும் நான் பார்த்த விதமே மாறியது. அளவு மாறினால் உலகமே மாறுகிறது. நமக்கு வெறும் வெளியாகத் தெரியும் காற்று, மிகச் சிறிய பூச்சிக்குப் பாகு போல. அந்தப் பிசுக்குமைக்கு எதிரே வேகமும் செட்டையின் அகலமும் எவ்வளவு வலுவாக நிற்கின்றன என்பதைத்தான் ரெனால்ட்ஸ் எண் சொல்கிறது. 20 சென்ரிமீற்றர் அகலச் செட்டை நொடிக்கு 15 மீற்றரில் போனால் அந்த எண் 2 லட்சத்தைத் தாண்டும். உன் செட்டை அடியில் 12, நுனியில் 8. நொடிக்கு 8 மீற்றர் என்று வைத்தால் அடியில் 65,000, நுனியில் 43,000 மாத்திரம்.

ஜெர்மனியில் ஷ்மிட்ஸ் என்பவர் மாதிரி விமானச் செட்டைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து 1942இல் ஒரு நூல் எழுதினார். தடித்த செட்டை ஓர் எல்லைக்குக் கீழே திடீரெனத் தோற்றுப்போகிறது: மேற்புறத்தில் ஓடும் காற்று வளைவோடு ஒட்டாமல் பிய்ந்துவிடுகிறது. ரெனால்ட்ஸ் எண்ணில் அந்த எல்லை அறுபதாயிரத்தை ஒட்டியது. வெறும் வளைந்த மெல்லிய தகடோ அதற்குக் கீழேயும் தாங்கிக்கொண்டு நின்றது! பெரிய விமானத்தின் அழகான தடித்த செட்டையைச் சுருக்கி வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நீ வரைந்திருப்பது 12 சதவீதத் தடிப்பு. 6 அல்லது 7க்குக் கொண்டுவா. அடியில் 8 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். மெலிந்தால் முறியும் என்பாய். காபன் பட்டையை மேலும் கீழும் ஒட்டு. நுனியையும் 8 சென்ரிமீற்றருக்குக் கீழே ஒடுக்காதே. கனம் ஏன் வேண்டும் என்பது இப்போது இன்னொரு விதமாகவும் விளங்கும்: கனம் வேகத்தைத் தருகிறது, வேகம் அந்த எண்ணை உயர்த்துகிறது.

ஆனால் கனம் எங்கே இருக்கிறது என்று பார். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் கேட்கும், சின்னதின் மூக்கு அவ்வளவு குட்டை. சேர்வோ, ரிசீவர், பற்றரி எல்லாம் செட்டைக்கு முன்னால். வாலுக்கு மெல்லிய பால்சா மட்டும். பாரமையம் 5 மில்லிமீற்றர் பிசகினால் பெரிய கிளைடர் பொறுக்கும், உன்னுடையது பொறுக்காது. பட்டத்திலும் இதே கதைதான். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்கு நாங்கள் பட்டம் விடும்போது, கொக்குப் பட்டத்தின் முச்சைக் கயிறு ஒரு விரல் மாறினாலும் அது சமாளித்து ஏறும். ஈர்க்கில் கட்டிய சின்னப் பட்டம் அரை விரலுக்கே குத்துக்கரணம் போட்டு மண்ணில் குத்தும். முச்சையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டி ஒரு மாலை முழுவதும் போயிருக்கிறது.

செட்டையின் வெட்டுமுகத்தை அடிக்கும் நுனிக்கும் முழு அளவில் தாளில் வரைந்து, படம் பிடித்து அனுப்பு. நான் பார்க்கும்வரை பால்சாவில் கத்தி வைக்காதே.

அன்புடன்,
மாமா