இறுகிப்போன ஆயில் பில்டர்



நம் உறுப்பினர்களில் பலர் இன்று சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். என்ஜின் ஆயிலும் பில்டரும் மாற்றும் வேலையைச் சிலர் ஓட்டுநரை வைத்துக் குடோனிலேயே முடித்துக் கொள்கிறோம். தவறில்லை. ஆனால் முறை தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவமே பாடம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மாலை ஆயில் மாற்றத் தொடங்கினோம். மறுநாள் காலை 25 மூட்டை சர்க்கரை வெளியூர்க் கடைகளுக்குப் போயாக வேண்டும். ஓட்டுநர் முதலில் பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டார். பிறகு பில்டரைத் திருகினால் அசையவே இல்லை. பெரிய ஸ்க்ரூடிரைவரைப் பக்கவாட்டில் அடித்து இறக்கி நெம்பினார். தகடு கிழிந்ததே தவிர பில்டர் கழலவில்லை. என்ஜினில் ஆயில் இல்லை, பில்டரும் கிழிந்துவிட்டது. வண்டியை ஓர் அடி நகர்த்த வழியில்லை.

திங்களன்று வாடகை வண்டி பிடித்துச் சரக்கு போய்ச் சேர மாலையாகிவிட்டது. அதற்குள் இரண்டு கடைக்காரர்கள் வேறிடத்தில் கொள்முதல் செய்துவிட்டார்கள். வாடகைப் பணம் பெரிதல்ல. அந்த இருவரில் ஒருவர் இன்றுவரை நம்மிடம் திரும்பவில்லை.

மதியம் வந்த மெக்கானிக், "போன தடவை இதை மாட்டியது யார்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. மாட்டியவர் ஓட்டுநர்தான், ஆனால் பக்கத்தில் நின்று, "ஒழுகிடப் போகுது, ஸ்பேனர் போட்டு நல்லா இறுக்குப்பா" என்று சொன்னவன் நான்!

ஏன் இறுகுகிறது?

டப்பா வடிவில் திருகி மாட்டும் பில்டரில் கசிவைத் தடுப்பது அதன் வாயிலுள்ள ரப்பர் வளையம்தான். நம் கைபலம் அல்ல. ஆயில் தடவாமல் மாட்டினாலும், அளவுக்கு மேல் இறுக்கினாலும், ரப்பர் நசுங்கி, என்ஜின் சூட்டில் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

கழற்றும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

2. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். அப்போது ரப்பர் சற்று இளகும். கொதிக்கும் சூட்டில் தொட்டால் கை வெந்துவிடும்.

3. ஆயிலை வடிப்பதற்கு முன்பே பில்டர் அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால், ஆயில் உள்ளே இருப்பதால் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். நாங்கள் செய்த முதல் தவறு இதுதான். அசைந்துவிட்டால் அதே நிலையில் வண்டியை ஓட்டாமல், வேலையை முடித்துவிடுங்கள்.

4. பில்டரின் மூடிய பக்கத்தை நேராகப் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்துத் திசை மாறி, மேலும் இறுக்கிவிடுவோர் உண்டு.

5. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளையோ சாக்குத் துணியையோ சுற்றிப் பிடியுங்கள். பிடி வழுக்காது.

6. அதற்கும் மசியாவிட்டால் பெல்ட் அல்லது செயின் வகை பில்டர் ஸ்பேனரைப் போடுங்கள். என்ஜினை ஒட்டிய பகுதியில் போட்டால் தகடு நசுங்காது. வெடுக்கென்று இழுக்காமல் சீராக அழுத்தம் கொடுங்கள்.

7. ஸ்க்ரூடிரைவரால் குத்தும் வேலை வேண்டாம். தகடு மெல்லியது, கிழிந்துவிடும். எங்கள் வண்டியில் எஞ்சிய அடித்தட்டின் விளிம்பில் மழுங்கிய உளியை வைத்து, மெல்லத் தட்டித் தட்டித்தான் மெக்கானிக் சுழற்றி எடுத்தார். அதில் கை தவறினால் என்ஜின் முகப்பே கீறிவிடும்.

மாட்டும்போது

பழைய ரப்பர் வளையம் என்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால், என்ஜின் ஓடும்போது ஆயில் பீறிட்டு வெளியேறும். சில நிமிடங்களில் என்ஜினே பிடித்துவிடலாம். முகப்பைத் துடைத்து, புது வளையத்தில் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் முகப்பைத் தொட்டபின் பெரும்பாலும் முக்கால் சுற்றுப் போதும். பில்டர் மேலோ பெட்டியிலோ போட்டிருக்கும் அளவே இறுதியானது. ஸ்பேனர் வேண்டாம்.

ஆயில் ஊற்றி என்ஜினை ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா, கசிவு உண்டா என்று பாருங்கள். விளக்கு சில நொடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியில் ஆயில் அளவைச் சரிபாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் அதுவும் அடங்கும். மூடிய டப்பாவில் சேர்த்து, முறைப்படி சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். அதுவரை அரிசி, பருப்பு மூட்டைகளின் பக்கம் வைக்க வேண்டாம். வாடை ஏறினால் சரக்கு போயிற்று.

இந்த வேலைகளைச் சரக்கு ஏற்றும் நாளுக்கு முந்தின மாலையில் வைத்துக்கொள்ளாமல், பட்டறை திறந்திருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பதறாத காரியம் சிதறாது. வேலை செய்பவர் பக்கத்தில் நின்று, "இன்னும் இறுக்கு" என்று சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். நீங்களும் விடுங்கள்.